லாசரின் ஆறரைக் கட்டை

அத்தியாயம் 11

சந்தியாகப்பன் போன வாரம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாரே, அந்தத் தட்டைக் கழுவும்போது அன்னாள் ஒரு சத்தியம் செய்திருந்தாள். "இனிமே எங்கண்ணன் இந்த வாசப்படி மிதிச்சா நான் அன்னாள் இல்ல."

இன்று மத்தியானம் அவர் வாசப்படி மிதித்தார். அன்னாளும் அன்னாளாகத்தான் இருந்தாள். அண்ணன் தங்கை சத்தியத்துக்கெல்லாம் ஆயுசு அடுத்த பஸ் வரைக்கும்தான்.

"வா அண்ணே. சாப்ட்டியா?"

"தண்ணி குடு மொதல்ல."

செங்கத்தில் ஏறி, வேலூரில் மாறி, அமிர்தி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். தலையில் சாக்கு சுற்றிய ஒரு பெட்டி. அதை இறக்கி வைக்க ஒரு கை வேண்டியிருந்தது. கை கொடுக்க அன்னாள் வரவில்லை. மகள் ஜெசிந்தா ஓடி வந்தாள்.

அவளைப் பற்றித்தானே போன வாரம் சண்டை? "பொட்டப்புள்ளைக்குப் பாட்டுப் படிப்பா? நர்ஸ் ட்ரெயினிங்ல போட்டா மாசம் பொறந்தா சம்பளம். இல்ல, அப்பன் மாதிரி கல்யாணத்துக்குக் கல்யாணம் பேண்டு ஊதப் போவுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான் இவர்.

நாளைக் காலை வேலூர் கான்வென்ட்டில் ஜெசிந்தாவுக்குப் பரீட்சை. பத்தாவது பாஸாகிவிட்டாள். ப்ளஸ் ஒன்னில் சங்கீத குரூப் கேட்டிருக்கிறாள். எழுத்துப் பரீட்சையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அப்புறம்தான் இருக்கிறது காதுப் பரீட்சை. சிஸ்டர் இம்மாகுலேட் பியானோவில் ஒரு கட்டையை அழுத்துவார்கள். பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஸி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்கிற இங்கிலீஷ் சுரத்தில் அது எது என்று சொல்ல வேண்டும். சொன்னால் குரூப்பில் இடம், ஹாஸ்டலிலும் இடம். சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை. அமிர்தியிலிருந்து தினம் போய் வர முடியாது என்பதால் படிப்பே இல்லை.

சந்தியாகப்பன் சாக்கைப் பிரித்தார்.

ஆர்மோனியம்.

அன்னாள் தண்ணீர்ச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா அண்ணே இது?"

"சும்மா கெடந்துது. எட்தாந்தேன்."

அண்ணனின் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைக்கு நடுவில், ஆர்மோனியம் சும்மா கிடக்குமா? அன்னாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சிரிப்பை மட்டும் வெளியில் விட்டாள். "மன்னிப்புக் கேக்கத் தெரியலன்னா ஜனங்க இன்னாத்த எல்லாம் தலையில தூக்கிக்கினு வருதுங்க பாரு" என்றாள்.

"யாரு மன்னிப்புக் கேட்டாங்க? பரீட்சைக்கு ஒரு நாளு பழகட்டுமேன்னு எட்தாந்தேன். வாணாம்னா சொல்லு, தூக்கினு போறேன்."

"மாமா, வாணாம்னு யாரு சொன்னா?" என்று ஜெசிந்தா பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஊர் மாதா கோயிலில் ஆர்மோனியம் கிடையாது. பூசைப் பாட்டு எல்லாம் அவள் அப்பா லாசரின் கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டுதான். லாசர் பகலில் காட்டிலாகா வேலைக்குப் போவார். முகூர்த்த நாளில் லாசர் பேண்டு செட்டின் லாசர். கோடை முழுக்க அப்பாவும் மகளும் படித்ததும் அந்தக் கிளாரினெட்டை வைத்துத்தான். சிஸ்டர் கொடுத்த புத்தகத்தில் சுரம் எழுதுவதற்கென்று இருக்கிற ஐந்து கோட்டையும் ஜெசிந்தா மண்தரையில் கோலமாவால் இழுத்தாள். சுரத்துக்குப் புளியங்கொட்டை. லாசர் ஊதுவார், அவள் கேட்டு, சரியான கோட்டில் கொட்டையை வைத்துப் பெயர் சொல்வாள். லாசருக்கு அந்தக் கோடுகள் தெரியும். பழைய பேண்டு மாஸ்டர் செட்டிலிருந்த அத்தனை பேருக்கும் பிரம்பைக் காட்டிக் கற்றுக் கொடுத்தது. அன்னாள் பெருக்கும்போது மட்டும் அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். "என் வூட்ல பெருக்க எனக்கே எடமில்ல" என்று புலம்புவாள், ஆனால் ஒரு கொட்டை நகராது.

கடைசி வாரத்தில் ஜெசிந்தா ஒன்றும் தவறவிடவில்லை. தூக்கத்தில் ஊதினால்கூடச் சொல்வாள் என்று லாசர் தெருவெல்லாம் பெருமை அடித்திருந்தார்.

ஜெசிந்தா புத்தகத்திலிருந்த கட்டைப் படத்தைப் பார்த்தாள். இரண்டு கறுப்புக் கட்டை ஜோடியாக இருக்கிற இடத்தில், இடப்பக்கத்து வெள்ளைக் கட்டைதான் ஸி. இடது கையால் துருத்தியை அசைத்து, வலது விரலால் அதை அழுத்தினாள்.

அழுத்தியவள் விரலை எடுத்துவிட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"மாமா, இது ஸி இல்ல."

"இன்னா?"

"இது டி. அடுத்தது..." அழுத்தினாள். "இது ஈ. அதுக்கடுத்தது எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப்னா கறுப்புக் கட்டையாச்சே, வெள்ளையில எப்டி வரும்?"

லாசர் அப்போதுதான் கிணற்றடியிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்தார். சாயந்தரம் அவருக்குப் பயணம். மலை மேலே நெல்லிவாசல் நாட்டு ஊர் ஒன்றில் தீர்த்தகிரி மகள் கல்யாணம், நாளைக்கு முகூர்த்தம். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், மீதி நடை. மச்சானைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற பழக்கம்.

"வாங்க மச்சான்."

"ம். உன் பொண்ணு இன்னாவோ சொல்லுது, பாரு மாப்ளே."

லாசர் கிளாரினெட்டை எடுத்து, வாய் வைக்கிற ரீடை நாக்கில் நனைத்து ஒரு ஸி ஊதினார். ஜெசிந்தா பெட்டியில் ஸி அழுத்தினாள். இரண்டும் சேரவே இல்லை. பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

"பொட்டிதான் கோளாறு" என்றாள் அன்னாள். "பழசை எவன் தலையிலயாவது கட்டணுமேன்னு எங்கண்ணன் தலையில கட்டிட்டான்."

சந்தியாகப்பன் பெட்டி முன்னால் குந்தினார். ஆர்மோனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது அது செங்கம் மண்டிக்காரரின் குரலாக இல்லை.

"மல்லாட்டைய உள்ளங்கையில போட்டுக் குலுக்கினா ஈரம் இருக்குதா இல்லியான்னு சொல்லிடுவேன். இதுல எனக்கு இன்னா தெரியும்? கூத்துக்காரன் ஒருத்தன் வித்துட்டுப் போறான்னாங்க. வாசிச்சுக் காட்டினான், நல்லாத்தான் இருந்துது. அன்னிக்கு அப்டிப் பேசிட்டுப் போனேனே, பாப்பா மூஞ்சி கண்ணுலயே நின்னுது. அதான்." சாக்கை எடுத்து உதறினார். "வுடு. தூக்கினு போயிடறேன்."

"மாமா, இருக்கட்டும் மாமா."

"பரீட்சைக்கு மொத நாளு புள்ள காதைக் கொழப்பிட்டேனே."

லாசரின் மனசுக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 'பேண்டுக்காரன்' என்று பந்தியில் வைத்துக் கூப்பிட்ட மச்சான். இந்த வீட்டில் ஒரு தடவையாவது தலை குனிய மாட்டாரா என்று லாசர் ஏங்கியிருந்த மச்சான். இதோ குனிந்திருக்கிறார்.

"பழசு மச்சான். வுட்ருங்க. தெரியாம வாங்கிட்டீங்க" என்றார் பெரிய மனசாக. சொல்லும்போது இனிப்பாகத்தான் இருந்தது.

சொல்லிவிட்டுப் பின்னால் புளியமரத்தடிக்குப் போய்க் கிளாரினெட்டைத் துடைக்க உட்கார்ந்தார். துடைக்கக் கை ஓடவில்லை.

போன வருஷம் இதே மலை மேலே ஒரு திருவிழா. கூத்து செட்டும் இருந்தது, லாசர் செட்டும் இருந்தது. கூத்துக்கு ஆர்மோனியம் போட்ட கோபால்சாமி இவரிடம் வந்து, "இன்னாப்பா, ஆறரைக் கட்டையில ஊதறியே, ஒண்ணாங் கட்டைக்கு வாயேன், சேந்து வாசிக்கலாம்" என்றார்.

"ஒண்ணுலதான்யா ஊதறேன். இதான் ஸி" என்றார் லாசர்.

"இல்லப்பா, ஆறரை."

லாசர் தன் செட்டைத் திரும்பிப் பார்த்தார். கார்னெட் முனியன் ஸி ஊதினான். பெரிய குழல் குப்பன் ஸி ஊதினான். எல்லாம் லாசரோடு ஒட்டியது. கூட்டம் சிரித்தது. கோபால்சாமி பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்று மலை இறங்குகிற வரை லாசர் செட்டுக்கு அதுதான் பேச்சு.

அத்தனை பேரும் சேர்ந்து சொன்னால் பொய்யும் மெய் மாதிரித்தான் இருக்கும். அவர்கள் எல்லாரும் ஒரே மாஸ்டரிடம் படித்தவர்கள், ஒரே ஜாதிக் குழல் வைத்திருப்பவர்கள். ஆர்மோனியத்தோடு அவர்கள் என்றைக்குச் சேர்ந்து வாசித்தார்கள்?

பேசாமல் இருந்துவிடலாம். சாயந்தரம் ஜீப் வந்துவிடும். பெட்டி செங்கத்துக்குத் திரும்பிப் போய்விடும். மச்சான் முன்னால் தலை நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே இருக்கும். ஆனால் நாளைக்குப் பியானோ முன்னால் முதுகைக் காட்டி உட்காரப் போவது யார்?

எழுந்து உள்ளே வந்தார். சந்தியாகப்பன் பெட்டிக்குச் சாக்குச் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், கொஞ்சம் அவுருங்க."

"இன்னாத்துக்கு?"

"அவுருங்க, சொல்றேன். பாப்பா, நான் ஊதறேன். அந்தச் சத்தம் பொட்டியில எங்க இருக்குதுன்னு தேடு."

ஊதினார். ஜெசிந்தா ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே வந்தாள். வெள்ளையில் கிடைக்கவில்லை. கறுப்பில் ஒன்றை அழுத்தியதும் இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டன. எது குழல், எது பெட்டி என்று அன்னாளுக்கே தெரியவில்லை.

"இங்க இருக்குது நைனா."

"ஸியிலருந்து வெள்ளைய எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." ஏழுக்கு முன்னால் அந்தக் கறுப்பு நின்றது. "ஆறரை."

லாசர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டார். கோபால்சாமி கதையைச் சொன்னார், கூட்டம் சிரித்ததையும் விடாமல். பிறகு மச்சானைப் பார்த்துச் சொன்னார்:

"பொட்டி சரி மச்சான். அவரு பொட்டியும் இதும் ஒண்ணையே சொல்லுது. புஸ்தகமும் அதையே சொல்லுது. நான் ஸின்னு ஊதறது ஸி இல்ல, அதுக்கு ஒரு படி கீழ. நீங்க ஏமாறல. நான்தான் எம் பொண்ணுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

இதை எதிர்பார்க்காத சந்தியாகப்பன் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ஜெயித்த முகமாக அது இல்லை.

"அப்ப நான் படிச்சதெல்லாம்?" என்றாள் ஜெசிந்தா.

சிஸ்டர் ஸி அழுத்துவார்கள், இவள் டி என்பாள். ஒன்றுகூடச் சரியாக இருக்காது. கோடை முழுக்கக் காதில் ஏறியதை ஒரு ராத்திரியில் எப்படி இறக்குவது? அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அன்னாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "நர்ஸ் ட்ரெயினிங்" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் கொலை விழுந்திருக்கும். நல்லவேளை, சந்தியாகப்பன் வாயைத் திறக்கவில்லை.

லாசர் அழவில்லை. தரையில் மண்டி போட்டு, கோலமாவுக் கோட்டின் மேல் இருந்த புளியங்கொட்டைகளை நகர்த்த ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, ஒரு படி கீழே. கோட்டில் இருந்தது இடைவெளிக்கு, இடைவெளியில் இருந்தது அடுத்த கோட்டுக்கு. ஒழுங்கு பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல நகர்த்திக்கொண்டே போனார்.

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையே பார்த்தாள்.

"நைனா."

"ம்."

"எல்லாத்தையும் ஒரே மாதிரி எறக்கறியே."

"பின்ன? எல்லாம் ஒரே மாதிரிதான தப்பு."

அவள் கண்ணைத் துடைத்தாள். "யம்மா, நான் திரும்பி உக்காந்துக்கறேன். நீ பொட்டியில எதுனா ஒண்ணு அழுத்து."

"எனக்கு இன்னா தெரியும்டி?"

"எதுவும் தெரிய வாணாம். அழுத்து."

அன்னாள் அடுப்பில் கை வைப்பது போலப் பயந்து ஒரு கட்டையை அழுத்தினாள். ஜெசிந்தாவின் வாயில் முதலில் வந்தது 'ஏ'. அதை விழுங்கினாள். ஒரு படி இறங்கினாள். "ஜி."

சந்தியாகப்பன் புத்தகப் படத்தையும் கட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஜிதான் போட்டுக்குது."

"இன்னொண்ணு."

அன்னாள் அழுத்தினாள். "ஈ" என்றாள் ஜெசிந்தா.

"அதுவும் சரி."

"இன்னொண்ணு." இந்த முறை அன்னாள் கறுப்பை அழுத்திவிட்டாள். ஜெசிந்தா தடுமாறினாள். தவறாகச் சொன்னாள். அடுத்த கறுப்பும் தவறு. அதற்கடுத்தது சரி. வெள்ளையில் நிற்கிறாள், கறுப்பில் சறுக்குகிறாள். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு தடவை இறங்கி வர வேண்டியிருந்தது. அதுவரை சிஸ்டர் காத்திருப்பார்களா என்பது சிஸ்டருக்குத்தான் தெரியும்.

"என்னால கெட்டுது" என்றார் லாசர். "நான் கல்யாணத்துக்குப் போவல. முனியனைப் பாத்துக்கச் சொல்றேன். நானும் வேலூருக்கு வர்றேன்."

"நீ போ நைனா."

"எப்டிப் போவறது?"

"தீர்த்தகிரி பொண்ணு கல்யாணத்துல கிளாரினெட் இல்லன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க? மாமா கூட்டினு போவாரு. இல்ல மாமா?"

"மொத பஸ்ஸுக்கே போயிடலாம்" என்றார் சந்தியாகப்பன், யாரும் மாற்றிச் சொல்வதற்குள்.

லாசர் எழுந்திருக்கவில்லை. ஜெசிந்தா அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நீ ஒரு நாளு ஒரு மாதிரி, இன்னொரு நாளு இன்னொரு மாதிரி ஊதியிருந்தா நான் கெட்டுத்தான் போயிருப்பேன். நீ ஒரே எடத்துல நின்ன. ஒரு நாளும் நகரல. அதனாலதான் நான் எங்க இருக்கேன்னு கண்டுபுடிக்க முடியுது. உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, சத்தியமா."

லாசர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தியாகப்பன் வாசல் பக்கம் ஏதோ வேலை இருப்பது போலப் போய்விட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஜெசிந்தா. சொல்லக் கஷ்டப்பட்டாள். "இன்னிக்கு ராத்திரி என் காதுல இந்தப் பொட்டி மட்டுந்தான் இருக்கணும். உன் சத்தம் வுழுந்தா நான் பழைய எடத்துக்கே போயிடுவேன் நைனா."

"செரி" என்றார் லாசர்.

பொழுது சாயும்போது ஜீப் வந்தது. பேண்டு செட்டு முழுக்க அதில் அடைந்திருந்தது. லாசர் கிளாரினெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். ஏறியவர் இறங்கி வந்தார்.

"பாப்பா, பரீட்சையெல்லாம் முடிஞ்சப்புறம் சிஸ்டரை ஒண்ணு கேப்பியா?"

"இன்னா நைனா?"

"எங்க மாஸ்டரு நல்லவரு. அவரு இதான் ஸின்னு சொன்னாரு. எங்க செட்ல அத்தினி பேரும் அதையே சொல்லி ஊதிக்கினு இருக்கோம். கல்யாணம், சாவு, மாதா தேரு, எல்லாம் அதுலதான். அத்தினியும் தப்பா? இல்ல, எங்க குழலுக்குன்னு வேற கணக்கு ஏதாச்சும் இருக்குதான்னு கேளு. தப்புன்னு சொன்னாலும் பரவால்ல. தெரிஞ்சிக்கணும்."

"கேக்கறேன் நைனா."

"மொத பரீட்சைய எழுது. அதுக்கப்புறம் கேட்டாப் போதும்."

ஜீப் கிளம்பியது. ஜெசிந்தா உள்ளே வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

அமிர்திப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். லாசர் செட்டு எந்த முகூர்த்தத்துக்கு மலை ஏறினாலும் முதல் வளைவில் ஜீப்பை நிறுத்தி ஒரு சுற்று ஊதிவிட்டுத்தான் போகும். வளைவில் ஊதாமல் ஏறினால் கல்யாணத்துக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கேட்டுத்தான் தெருவில் விளக்கு வைப்பார்கள். அன்னாளும் தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஜீப் உறுமிக்கொண்டு ஏறுவது கேட்டது. வளைவு வந்தது. ஜீப் நிற்கவில்லை. சத்தம் அப்படியே மேலே போய்த் தேய்ந்தது.

"இன்னா, லாசர் செட்டு ஊதாம போவுது?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

அன்னாள் விளக்கை ஏற்றினாள்.

ஜெசிந்தா கறுப்புக் கட்டைகளில் தேடி ஆறரையில் விரலை வைத்தாள். துருத்தியை மெல்ல அசைத்தாள். அப்பாவின் சத்தம் வீட்டுக்குள் நின்றது. அதை அவள் நாளைக்கு மறக்கத்தான் வேண்டும். ஆனாலும் அது நிற்கும் வரை கேட்டாள்.

பிறகு அங்கிருந்து ஒரு முழுச் சுரம் ஏறி அழுத்தினாள்.

"ஸி" என்றாள்.